மூன்று திருகு

வெஸ்ட்பி, விஸ்கான்சின்
செப்டம்பர் 19, 2016

டெல்மர் செப்ரானெக் அவர்களுக்கு,

என் வில்லின் இழுவையைக் கூட்டிக் குறைக்கும் இரண்டு போல்ட்டையும் எனக்குத் தெரியாமல் நீ மும்மூன்று சுற்றுத் தளர்த்தியிருக்கிறாய். எழுபது பவுண்டு இழுவையில் இருந்த வில்லை அறுபதாக்கிவிட்டாய். இதுதான் நீ செய்த அநியாயம். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது.

போனில் கேட்காமல் ஏன் எழுதுகிறேன் என்பாய். போனில் நீ பேசுவது எனக்குப் பாதிதான் காதில் விழும். மீதியைச் சிரித்தே மழுப்பிவிடுவாய். தாளில் சிரிக்க முடியாது.

நடந்ததைக் கேள். சனிக்கிழமை, வில் வேட்டைப் பருவம் திறந்த முதல் நாள். நீ பேத்தியின் ஞானஸ்நானத்துக்குப் போய்விட்டதால் நான் மட்டும் மலைமேட்டுப் பரணில் ஏறினேன். ஆறே முக்காலுக்கு அந்தக் கொம்பன் மான் வந்தது. வலது காது கிழிந்ததே, எட்டுக் கிளைக் கொம்பு, நீயும் நானும் இரண்டு வருடமாகப் பார்த்துப் பார்த்து ஏங்கியது, அதேதான். முப்பது கஜத்தில் ஓக் மரத்தடியில் பக்கவாட்டில் நின்று கொட்டை பொறுக்கியது. இழுத்தேன். வில்லில் குறிபார்க்கும் முப்பது கஜ முள்ளை நெஞ்சுக்கூட்டின் கீழ்ப்பாதியில் நிறுத்தினேன். கை நடுங்கவில்லை. விட்டேன். அம்பு நெஞ்சுக்கு அடியில் புகுந்து மண்ணில் குத்தி நின்றது. நாலு தாவில் கொம்பன் பள்ளத்தில் மறைந்தது.

இறங்கிப் போய் அம்பைப் பிடுங்கிப் பார்த்தேன். ரத்தம் இல்லை. ஆறு வெள்ளை முடி ஒட்டியிருந்தது. அடிநெஞ்சு முடி. இரண்டு விரல் மேலே பட்டிருந்தால் அது உடனே சாகாமல் நாள்கணக்கில் செத்திருக்கும். 

வீட்டுக்கு வந்து வில்லைத் தராசில் மாட்டி இழுத்தேன். அறுபது. மறுபடி இழுத்தேன். அறுபது. குறிமுள்ளை எழுபதுக்கு நான் வைத்தது, வில்லை அறுபதுக்கு நீ வைத்தது. அம்பு எப்படி முள் சொன்ன இடத்துக்குப் போகும்?

கொம்பன் போனதுகூடப் பெரிதில்லை. ஆகஸ்ட் கடைசியிலிருந்து என் தோள் குணமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முப்பத்துநாலு வருடம் பால் லாரி ஓட்டிக் கெட்டுப்போன தோள். கராஜில் நின்று வில்லை இழுத்துப் பார்த்தேன், வெண்ணெய் மாதிரி வந்தது. "பாத்தியா, நீ தேய்ச்ச தைலம் வேலை செஞ்சிடுச்சு" என்று உன் அக்கா அல்பினாவிடம் சொன்னேன். டாக்டரிடம் போனபோது நர்ஸுக்குக் கையைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினேன். அந்தப் பெண் கைதட்டினாள். மூன்று வாரம் நான் சந்தோஷமாக இருந்தேன், டெல்மர். அது உன் மூன்று திருகு என்று இப்போதுதானே தெரிகிறது.

என் வில்லில் போல்ட் திருகும் ஆலன் கீயை வைக்கத் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டு பேர். நான் திருகவில்லை.

பதில் எழுது. அதுவரை மலைமேட்டுக்கு வராதே. உன் பரணில் உன் மெத்தைத் துண்டு கிடக்கிறது. அணில் எடுத்துக்கொள்ளட்டும்.

உன் அக்காவின் கணவன்,
ஆர்விட் டோலெஃப்ஸ்ரூட்

பி.கு.: அல்பினா கசகசா வைத்துக் கொலாச்சி பன் சுட்டிருக்கிறாள். உனக்கு அனுப்பச் சொன்னாள். அனுப்பவில்லை.


ஹில்ஸ்பரோ
செப்டம்பர் 22

அன்புள்ள அத்தானுக்கு,

நான்தான். ஒத்துக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 28, ஞாயிற்றுக்கிழமை. உங்கள் வீட்டில் பன்றி வறுவலும் முட்டைக்கோஸும் சாப்பிட்டோமே, அன்றைக்கு. சாப்பிட்டதும் நீங்கள் நாற்காலியில் கண்ணயர்ந்துவிட்டீர்கள். நான் கராஜுக்குப் போய் மேலே மூன்று, கீழே மூன்று திருகிவிட்டு வந்தேன்.

கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம்தான். கேட்டிருந்தால் விட்டிருப்பீர்களா? மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறேன்: "எதுக்கு அத்தான் இன்னும் எழுபது?" நீங்கள் சொல்லும் பதில் எனக்கு மனப்பாடம். "இந்த மாவட்டத்துல எழுபது வயசுல எழுபது பவுண்டு இழுக்கிறவன் வேற எவன் இருக்கான், சொல்லு பாப்போம்." வேறு எவனும் இல்லை அத்தான். இருந்தவர்களெல்லாம் தோள் ஆபரேஷன் செய்துகொண்டு வீட்டில் உட்கார்ந்து டி.வி. பார்க்கிறார்கள்.

ஆனால் முள் விஷயத்தில் எனக்குச் சாக்குச் சொல்ல வழியே இல்லை. வேட்டைக்கு முன்னால் எப்படியாவது உங்களைக் கொண்டு முள்ளை நகர்த்த வைத்திருக்க வேண்டும். வைக்கோல் கட்டில் அம்பு விட்டுப் பழகும்போது நீங்களே கண்டுபிடித்து, காற்றையும் நாணையும் என்னையும் திட்டிக்கொண்டே நகர்த்திவிடுவீர்கள் என்று நினைத்துவிட்டேன். தப்பு. அந்த ஆறு வெள்ளை முடியும் என் தலையில்தான்.

ஞானஸ்நானம் நன்றாக நடந்தது. குழந்தை பாதிரியாரின் கண்ணாடியைப் பிடித்து இழுத்து மூன்றாவது வரிசையில் வீசினாள். "இவ இழுவையப் பாத்தா ஆர்விட் வம்சம்" என்றேன். நீங்கள் எங்கள் ரத்தம் இல்லை என்று என் மருமகள் ஞாபகப்படுத்தினாள். எனக்கு மறந்தே போயிருந்தது.

மெத்தைத் துண்டை அணிலுக்குக் கொடுத்தால் கொடுங்கள். என்னை மட்டும் ரொம்ப நாள் வெளியே நிறுத்தாதீர்கள்.

உங்கள்
டெல்மர்


வெஸ்ட்பி
செப்டம்பர் 26

டெல்மருக்கு,

உன் கடிதம் வந்தது. எனக்குத் திருப்தி இல்லை. மூன்று பக்கம் சண்டை போடுவாய் என்று எதிர்பார்த்து, பதிலுக்குப் பதில் யோசித்து வைத்திருந்தேன். முதல் வரியிலேயே விழுந்துவிட்டாய். நாற்பது வருடத்தில் நீ எதையும் இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதில்லை. என் ஏணியை உடைத்ததை ஒத்துக்கொள்ளப் பதினோரு வருடம் எடுத்தவன் நீ.

போல்ட்டுகளை மறுபடி எழுபதுக்கு இறுக்கிவிட்டேன். அது முடிந்த கதை. ஆனால் அந்த வில் பதினெட்டு வருடப் பழசு, நாண் ஓடும் சக்கரங்கள் தேய்ந்துவிட்டன. புதிது எடுக்கலாம் என்று லைலின் வில் கடைக்குப் போனேன்.

இரண்டு வில்லைக் காட்டினான். ஒன்று கறுப்பு. குட்டையானது. அம்பு கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் போகிறது. ஆரம்பத்திலிருந்தே முரட்டுத்தனமாக இழுக்கிறது, கடைசி மூன்று அங்குலத்தில் திடீரென்று விட்டுக்கொடுக்கிறது. இழுத்துப் பிடித்தபின் கொஞ்சம் அசந்தால் கையைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் ஓடுகிறது. குணமுள்ள வில். இன்னொன்று பச்சை. நான்கு அங்குலம் நீளம் அதிகம். மெதுவாக வருகிறது, முழுக்க இழுத்துவிட்டால் கையில் ஏழெட்டுப் பவுண்டுதான் நிற்கிறது, ஒரு பாட்டு பாடி முடிக்கும் வரை பிடித்துக்கொண்டு நிற்கலாம். ஆனால் வேகம் இல்லை. கறுப்பு குதிரை என்றால் பச்சை பசுமாடு.

"பச்சைய எடுங்க ஆர்விட், அம்பதுல வெச்சித் தரேன்" என்றான் லைல். அவனுக்கு முப்பத்தைந்து வயது. தாடி இருக்கிறது. அப்புறம் சுவரில் தொங்கிய குறுக்கு வில்லைக் காட்டினான். அதற்குத் தோளே வேண்டாமாம், கைப்பிடியைச் சுற்றி நாணை ஏற்றிக்கொண்டு துப்பாக்கி மாதிரி விசையை அழுத்தினால் போதுமாம். நான் தொப்பியைப் போட்டுக்கொண்டு வாசல் பக்கம் நடந்தேன். பின்னாலேயே ஓடி வந்தான்.

நான் கறுப்பைத்தான் எடுப்பேன். எழுபதில். உன் அபிப்பிராயத்தை நான் கேட்கவில்லை, ஆனால் நீ எழுதாமல் இருக்கமாட்டாய் என்பது தெரியும்.

கொலாச்சி ஆறு அனுப்பியிருக்கிறேன். சமாதானம் என்று நினைத்துவிடாதே. மீந்துபோனது.

ஆர்விட்


ஹில்ஸ்பரோ
அக்டோபர் 1

அன்புள்ள அத்தானுக்கு,

கொலாச்சி தூளாக வந்து சேர்ந்தது. கரண்டியால் சாப்பிட்டேன். அக்காவிடம் முழுசாக வந்ததென்று சொல்லுங்கள்.

நேற்று லைல் கடைக்குப் போயிருந்தேன். இரண்டு வில்லையும் இழுத்து, வில்லுக்குப் பத்து அம்பு விட்டுப் பார்த்தேன். கறுப்பு நீங்கள் சொன்ன மாதிரியே குதிரைதான். பத்தில் மூன்று அம்பு அது விட்டது, நான் விடவில்லை. பச்சையில் பத்து அம்பும் ஒரு காபி தட்டுக்குள் நின்றன. ஐம்பது பவுண்டில் அம்பு மானின் விலாவைத் துளைத்து மறுபக்கம் போகும் அத்தான். சட்டம் முப்பதே போதும் என்கிறது. மானுக்கு நாம் எத்தனை பவுண்டு இழுத்தோம் என்று தெரியாது. அம்பு எங்கே பட்டது என்பதுதான் தெரியும்.

லைலின் மேசைமேல் உங்கள் பழைய வில் கிடந்தது. வளையும் மேல் தகடு நுனியிலிருந்து அடிவரை பிளந்திருக்கிறது. ஒரு சக்கரம் கோணிவிட்டது. சக்கரம் தேய்ந்ததாகத்தானே எழுதியிருந்தீர்கள்? லைல் தாடியைத் தடவிக்கொண்டு, "அம்பு வைக்காம நாண விட்டா இப்படித்தான் ஆகும்" என்றான். உங்கள் கராஜில் விளக்குக்குக் கீழே ஒரு பலகை தொங்குமே, உங்கள் கையெழுத்தில், "அம்பில்லாமல் நாணை இழுக்காதே" என்று? அதை மட்டும் நினைத்துக்கொண்டேன். அந்தப் பலகையை எனக்காகத்தான் மாட்டினீர்கள், 1981-இல்.

கையில் அடிபட்டதா? அதை முதலில் எழுதுங்கள்.

போன வருடத்து மான் விஷயத்தை எடுக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். எடுக்க வேண்டியிருக்கிறது. காற்று அம்பைத் தள்ளிவிட்டது என்றீர்கள். நான் பக்கத்துப் பரணில் இருந்தேன். அன்றைக்குக் காற்று இல்லை. நீங்கள் இழுத்துப் பிடித்து, அது திரும்பட்டும் என்று காத்திருந்தபோது உங்கள் வில் நடுங்கியது எனக்குத் தெரிந்தது. அம்பு வயிற்றில் பட்டது. மறுநாள் மத்தியானம் வரை தேடினோம், நரிகள் நமக்கு முன்னால் கண்டுபிடித்துவிட்டன. நீங்கள் இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று அக்கா சொன்னாள். இன்னொரு தடவை உங்களை அப்படிப் பார்க்க எங்கள் யாருக்கும் தெம்பு இல்லை.

ஒன்று செய்யுங்கள். லைலிடம் இரண்டு வில்லையும் இரவல் வாங்குங்கள், தருவான். நாற்காலியில் உட்காருங்கள். இரண்டு காலையும் தரையிலிருந்து தூக்குங்கள். வில்லை வானத்தைப் பார்க்கத் தூக்காமல், நேரே நீட்டியபடி, மெதுவாக இழுங்கள். அப்படி எந்த வில் வருகிறதோ அதுதான் உங்கள் வில். இந்தச் சோதனையை எனக்குச் சொன்னவர் நீங்கள்தான். கறுப்பு எழுபதில் அப்படி வந்துவிட்டால், இந்த வருடம் உங்கள் மானையும் என் மானையும் நானே மலையிலிருந்து இழுத்து வருகிறேன், நீங்கள் பின்னால் பாடிக்கொண்டு வாருங்கள்.

உங்கள்
டெல்மர்


வெஸ்ட்பி
அக்டோபர் 6

டெல்மருக்கு,

அடிபட்டது. இடது முழங்கையின் உள்பக்கம் கத்தரிக்காய் நிறத்தில் ஒரு கோடு. இப்போது மஞ்சளாகிவிட்டது.

எழுபதுக்கு இறுக்கிய அன்று, இழுக்க முடிகிறதா என்று பார்க்கத்தான் இழுத்தேன். விடும் எண்ணம் இல்லை, அதனால் அம்பு வைக்கவில்லை. பாதி வழியில் தோளுக்குள் யாரோ கத்தியைச் செருகிய மாதிரி இருந்தது. நாணைப் பிடித்து வைக்கும் கொக்கியின் விசையில் விரல் பட்டுவிட்டது. துப்பாக்கி வெடித்த மாதிரி சத்தம். எனக்கே கேட்டது என்றால் பார்த்துக்கொள். பலகைக்கு நேர் கீழேதான் நின்றுகொண்டிருந்தேன். நீ சிரித்துக்கொள்.

அல்பினா ஓடி வந்தாள். தரையில் கிடந்த வில்லைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பட்டாணிப் பொட்டலத்தை ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்து வந்து கையில் கட்டினாள். அவள் கை நடுங்கியது. பயந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

நாற்காலிச் சோதனை செய்தேன். சமையலறை நாற்காலியைக் கராஜுக்குத் தூக்கிப் போனேன், எதிரே வைக்கோல் கட்டு, இந்தத் தடவை அம்பு வைத்தேன். அல்பினா ஆப்பிள் சீவுகிற சாக்கில் கூடையோடு வந்து உட்கார்ந்தாள். கறுப்பு, எழுபது: வரவில்லை. கறுப்பு, அறுபது: நாற்காலி பின்னால் சாய்ந்தது, அவள் பிடித்தாள். "எழுபது வயசுக் குழந்தைக்கு நடைவண்டிதான் வாங்கணும்" என்றாள். பச்சை, ஐம்பது: வந்தது.

வந்தது என்றுதான் எழுதுகிறேன். அதை எடுப்பேன் என்று எழுதவில்லை. அந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. கறுப்பை அறுபதில் வைத்து ஒரு மாதம் பழகினால் கைக்கு வந்துவிடும். நான் யாரிடமும் பாடம் கேட்டு வில் பிடித்தவன் இல்லை. நானே பிடித்து, நானே தப்பு செய்து, நானே சரிசெய்து கற்றது. அதை இந்த வயதில் யாரோ எனக்குத் தெரியாமல் ஆலன் கீயை வைத்துச் சரிசெய்ய வேண்டியதில்லை.

உன் மேல் கோபம் தீரவில்லை. ஆனால் உன் பரணில் ஒரு படி இளகியிருந்தது, ஆணி அடித்து வைத்தேன். பொதுப் பாதுகாப்புக்காக.

ஆர்விட்


ஹில்ஸ்பரோ
அக்டோபர் 11

அன்புள்ள அத்தானுக்கு,

படிக்கு நன்றி. நான் சிரிக்கவில்லை. கொஞ்சம்தான் சிரித்தேன்.

இந்த ஒன்றைக் கேட்டுவிட்டு நான் வாயை மூடிக்கொள்கிறேன். கோபம் வந்தால் ஏணியை உடைத்த கோபத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

போல்ட் தளர்ந்தது ஆகஸ்ட் 28. நீங்கள் பரணில் ஏறியது செப்டம்பர் 17. நடுவில் இருபது நாள். "காட்டுக்குப் போறதுக்கு முன்னாடி தினம் முப்பது அம்பு கட்டுல விடாதவன் கையில வில்லக் குடுக்காத" என்று நாற்பது வருடமாக எனக்குச் சொல்லி வந்தவர் நீங்கள். முப்பது வேண்டாம் அத்தான். மூன்று அம்பு விட்டிருந்தாலே நாலு அங்குலம் கீழே போவது தெரிந்திருக்குமே? உங்களுக்கா தெரியாது?

ஏன் தெரியவில்லை என்று நீங்கள் என்னை எழுதச் சொல்லவில்லை. நானும் எழுதப்போவதில்லை.

இங்கே இலையெல்லாம் கொட்டிவிட்டது. நவம்பர் முதல் வாரம் கொம்பன்கள் பிணைமானைத் தேடி மத்தியானத்திலும் நடக்கும். நீங்கள் இல்லாமல் நான் எந்த மேட்டிலும் ஏறப்போவதில்லை. வில்லைத் துடைத்து வைத்துவிட்டுக் காத்திருக்கிறேன்.

உங்கள்
டெல்மர்


வெஸ்ட்பி
அக்டோபர் 17

மாப்ளே,

உன் கேள்விக்கு நாலு நாள் பதில் எழுதவில்லை. நல்ல பதில் தேடினேன். அகப்படவில்லை. உள்ளதை எழுதுகிறேன்.

நான் அம்பு விடவில்லை. ஒன்றுகூட விடவில்லை. ஆகஸ்ட் நடுவில் ஒரு நாள் ஆறாவது அம்பிலேயே தோள் நின்றுவிட்டது. அன்றோடு வைக்கோல் கட்டுக்கு முன்னால் நிற்பதை நிறுத்தினேன். முப்பது முடித்தாயிற்று என்று அல்பினாவிடம் சொல்லிவிட்டு, கராஜில் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டு வருவேன். செப்டம்பரில் தோள் தேறிவிட்டதாக நம்பியபோது, தேறிய தோளை வைக்கோல் கட்டில் வீணாக்குவானேன், கொம்பனுக்கு வைத்திருப்போம் என்று நினைத்தேன். எழுபது பவுண்டு என்று ஊருக்குச் சொன்னவன் மூன்று அம்பு விடப் பயந்தான். அந்த ஆறு வெள்ளை முடி உன் தலையில் இல்லை. என் தலையில்.

இரண்டாவது விஷயம். லைலிடமிருந்து பழைய வில்லைத் திரும்ப வாங்கி வந்து, முள்ளையும் அம்பு தாங்கியையும் கழற்றினேன், புதியதற்கு மாற்ற. போல்ட்டின் பக்கத்தில் அழுக்கைத் துடைத்தபோது ஒரு பொட்டு தெரிந்தது. போல்ட் தலையின் ஓரத்தில் ஒன்று, அதற்கு நேராகத் தகட்டுப் பிடியில் ஒன்று. மேலேயும், கீழேயும். கடுகு அளவுதான். எழுபதில் போல்ட் எங்கே நின்றதோ அந்த இடத்தில் அச்சாகச் சேருகிறது, வேட்டை முடிந்ததும் பழையபடி திருப்பி வைத்துவிட வசதியாக. நான் அன்று கோபத்தில் தராசைப் பார்த்துக்கொண்டே இறுக்கியதால் கண்ணில் படவில்லை.

நெயில் பாலிஷ். வெந்த சால்மன் மீன் சதையின் இளஞ்சிவப்பு நிறம். உன் வீட்டில் அந்த நிறத்தில் எதுவும் கிடையாது, மாப்ளே. என் வீட்டில் குளியலறை அலமாரியில், தைலப் புட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அப்புறம் ஆகஸ்ட் 28-ஐ நினைத்துப் பார்த்தேன். நான் தூங்கிவிட்டேன், நீ கராஜுக்குப் போனாய் என்று எழுதியிருந்தாய். எனக்கு முன்னால் தூங்கியது நீ. வாயைத் திறந்தபடி கிடந்தாய், நாய் உன் வாய்க்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நான்தான் உனக்குப் போர்வை தேடினேன். எங்கே இருக்கிறதென்று கேட்க அல்பினாவைக் கூப்பிட்டேன், அவள் வீட்டுக்குள் இல்லை. தோட்டத்தில் தக்காளி பறிக்கிறாள் என்று நினைத்துவிட்டு நானும் படுத்தேன்.

இரண்டு பக்கமும் சமமாகத் திருக வேண்டும், ஒன்று கூடினால் வில் கோணிவிடும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது மட்டும் நீயாக இருக்கும். மீதி எல்லாம் அவள். செய்யாத வேலையை நீ முதல் வரியில் ஒத்துக்கொண்டபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அவளும் நானும் முகம் கொடுத்துப் பேச வேண்டும், நீயும் நானும் பேசாவிட்டால் பரவாயில்லை என்று முடிவு செய்திருக்கிறாய். அது முட்டாள்தனம். ஆனால் நல்ல முட்டாள்தனம்.

தைலம் வேலை செய்கிறது என்று நான் துள்ளியபோது அவள் தேய்த்துக்கொண்டே ஜன்னலைப் பார்த்தது இப்போது ஞாபகம் வருகிறது. பட்டாணிப் பொட்டலம் கட்டியபோது கை ஏன் நடுங்கியது என்பதும் இப்போது தெரிகிறது. வில் உடைந்தது தன்னால்தான் என்று நினைத்திருப்பாள், பாவம். கேட்டால் சொல்லியிருப்பாள். நான் கேட்கும் ஆள் இல்லை என்று அவளுக்குத் தெரியும், நாற்பத்தாறு வருடமாகத் தெரியும்.

அவளிடம் நான் எதுவும் கேட்கவில்லை. சனிக்கிழமை பச்சை வில்லை வீட்டுக்குக் கொண்டு வந்தேன். நாற்பத்தெட்டில் வைத்திருக்கிறேன். ஐம்பதில் வைக்கத்தான் போனேன், நாற்பத்தெட்டில் நாற்காலி ஆடவே இல்லை. சாப்பாட்டு மேசைமேல் செய்தித்தாளை விரித்து வில்லைப் படுக்க வைத்துவிட்டு, "போல்ட்டுல அடையாளம் வெக்கணும். உங்கிட்ட நெயில் பாலிஷ் ஏதாவது இருக்கா?" என்றேன்.

அவள் கையிலிருந்த தட்டை வைத்தாள். உள்ளே போனாள். ஒரு புட்டி எடுத்துவர ஆகும் நேரத்தைவிட அதிக நேரம் ஆனது. திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள். அதே நிறம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மேலே இரண்டு, கீழே இரண்டு பொட்டு வைத்தாள். கை நடுங்கவில்லை.

"சமமா இருக்கா பாருங்க" என்றாள்.

பார்த்தேன். சமமாக இருந்தது.

"முன்னாடியே கேட்டிருக்கலாம்" என்றாள். யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை. எனக்கும் பொருந்துகிறது, அவளுக்கும் பொருந்துகிறது. "ஆமா" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. அப்புறம் இருவரும் கராஜுக்குப் போனோம். முப்பது அம்பு விட்டேன். அவள் எண்ணினாள். இருபத்தெட்டாவது அம்பில் "போதுமா?" என்றாள். முப்பது என்றால் முப்பது என்றேன். கடைசி அம்பு நீ சொன்ன காபி தட்டுக்கு வெளியே போனது, அதையும் எழுதிவிடுகிறேன்.

இனி ஆக வேண்டியவை, எழுதி வைக்கிறேன். வாதம் வேண்டாம்.

கறுப்பு வில்லை லைலிடம் திருப்பிக் கொடுப்பது: நான். அவன் தாடியைப் பற்றி நான் எழுதியதைத் திரும்பப் பெறுவதில்லை.

மலைமேட்டுப் பரணை ஓக் மரத்துக்கு இன்னும் பத்து கஜம் அருகில் மாற்றுவது: நீயும் நானும், சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு. இனி நான் இருபது கஜத்துக்கு மேல் அம்பு விடுவதில்லை. ஏணி உன்னுடையதைக் கொண்டு வா.

உன் மெத்தைத் துண்டில் அணில் குடியேறிவிட்டது. புதிதாக ஒன்று வாங்குவது: நீ.

அந்தப் பொட்டைப் பற்றியும், நீ எழுதிய பொய்யைப் பற்றியும் அல்பினாவிடம் பேசுவது: யாரும் இல்லை.

தைலம் தேய்ப்பது: அல்பினா, வழக்கம்போல. அது வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும்.

தினம் முப்பது அம்பு விடுவது: நான். எண்ணுவது: அவள். பொய் சொல்ல வழியில்லாமல் இருக்கட்டும்.

அந்தக் கிழிந்த காதுக் கொம்பன் திரும்பி வந்தால் முதல் அம்பு: நீ. நான் என் முறையை விட்டுவிட்டேன்.

அடுத்த வருடம் போல்ட்டை இன்னும் தளர்த்த வேண்டி வந்தால், திருகுவது: அல்பினா. அவள் கைதான் சமமாகத் திருகுகிறது. திருகியதை என்னிடம் சொல்வது: அவளே. முள்ளை நகர்த்துவது: நான்.

ஆர்விட்